துணி சுற்றிய கால்கள்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கும் பெரியோர்கள் முதற்கண் நம்மைப் பொறுத்தருள வேண்டும். பந்து தமிழுக்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தில் அது பெரும்பாலும் மகளிர் கையில் இருந்தது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடி வருகிறாள். கையில் இருந்த பந்து காலுக்கு இறங்கியது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில்தான். அவ்வாறு இறங்கிய பின் இந்நாட்டு எளிய மக்களின் வெறுங்கால்களில் அது பெற்ற புகழுக்கு ஒரு மனிதரின் வரலாற்றைச் சான்றாகக் காட்ட விழைகிறோம். அவர் பெயர் முகம்மது சலீம்.

நம் வானூர் வட்டாரத்தில் கோடை பிறந்து ஏரிகள் வற்றியதும், ஏரியின் நடுப்பகுதியே பிள்ளைகளுக்குத் திடலாகிவிடும். கழற்றிப்போட்ட செருப்புகள் இரண்டிரண்டாய் இருபுறமும் கிடந்தால் அவைதாம் கோல் கம்பங்கள். வேலிகாத்தான் முள் காலில் ஏறினால், ஆட்டத்தை நிறுத்தாமலே ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பந்தின்பின் ஓடும் பிள்ளைகளை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் அவர்களுள் பலருக்கு இலக்கணம் கற்பிக்க முயன்றிருக்கிறோம். ஓய்வுபெற்ற பின்னர் ஏரிக்கரையில் நின்று பார்ப்பதோடு சரி. வெறுங்காலால் ஆடுவோரைக் காணும்போதெல்லாம் சலீமின் நினைவு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் அயர்லாந்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. கல்கத்தா முஸ்லிம் ஒருவரின் கதையில் அயர்லாந்து எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அந்நாடு நம் பகுதிக்கே முற்றிலும் அயலானதன்று. 1760ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள், நமக்கு அருகிலுள்ள வந்தவாசியில் நடந்த போரில் ஆங்கிலப் படையை நடத்திய அயர் கூட் அயர்லாந்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் படையை நடத்திய லாலியோ, அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குப் பிழைக்கப் போன படைவீரர் ஒருவரின் மகன். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. வெவ்வேறு இரு அரசர்களின் சம்பளத்துக்காக ஒரே நாட்டு வழியினர் இருவர் இந்தச் செம்மண்ணில் எதிரெதிரே நின்றனர். பிறந்த மண் சோறு போடாதபோது மக்கள் எங்கெங்கோ போகிறார்கள். அது அயர்லாந்தின் கதை மட்டுமன்று.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும் அயர்லாந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அவர்களுள் ஒரு பெரும் பகுதியினர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கிழக்குப் பகுதியில் நெருக்கமான குடியிருப்புகளில் வந்து சேர்ந்தனர். அங்கே அயர்லாந்துத் துறவியான சகோதரர் வால்ஃப்ரிட் என்பவர், பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவளிக்கும் திட்டத்திற்குப் பணம் திரட்டுவதற்காக 1887இல் ஒரு கால்பந்தாட்ட மன்றத்தைத் தோற்றுவித்தார். அதுவே செல்டிக். ஏழைப் பிள்ளைகளின் சோற்றுக்காகப் பிறந்த மன்றம் இது என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

அம்மன்றத்தின் தொடக்க கால ஆட்டக்காரர்களுள் ஒருவர் வில்லி மேலி. 1868இல் அயர்லாந்தின் நியூரி என்னும் ஊரில் ஒரு படைவீரரின் மகனாகப் பிறந்தவர். பணம் பெற்று ஆடுவதை ஸ்காட்லாந்து 1893இல்தான் முறைப்படி ஏற்றுக்கொண்டது. அம்மாற்றத்தைக் களத்தில் நின்று கண்டவர் மேலி. ஆட்டத்தை விட்ட பின் 1897 முதல் 1940 வரை, நாற்பத்து மூன்று ஆண்டுகள், அதே மன்றத்தின் மேலாளராக இருந்தார். அவர் காலத்தில் செல்டிக் 16 முறை லீக் பட்டத்தையும் 14 முறை ஸ்காட்லாந்துக் கோப்பையையும் வென்றது. இந்த மனிதரிடம்தான் 1936ஆம் ஆண்டு, காலணி அணியாத ஓர் இந்தியரை அழைத்து வந்து நிறுத்தினார்கள்.

சலீம் 1904இல் கல்கத்தாவின் மெட்டியாப்ரூஸ் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அயோத்தி நவாபாக இருந்து 1856இல் ஆங்கிலேயரால் பதவி பறிக்கப்பட்ட வாஜித் அலி ஷா, தம் இறுதிக் காலம் வரை வாழ்ந்த இடம் அது. நவாபின் பின்னே வந்த இசைவாணர், சமையற்காரர், தையற்காரர், பட்டம் செய்வோர் ஆகியோரின் வழியினர் நிறைந்த பகுதி. சலீம் மருந்து கலக்கும் தொழிலைக் கற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆனால் அவர் மனம் மருந்துப் புட்டிகளில் இல்லை. 1926 வாக்கில் போபஜார்ப் பகுதியில் ஒரு சிறு மன்றத்தில் ஆடத் தொடங்கி, வேறு சில மன்றங்களிலும் ஆடி, 1934இல் மகமதன் ஸ்போர்ட்டிங் மன்றத்தின் முதல் அணியில் நிலைபெற்றார். திடலின் ஓரத்தில் பந்தைக் கொண்டுசென்று நடுவே நிற்பவர்க்கு அனுப்புவது அவர் பணி.

அந்த 1934ஆம் ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை இன்றைய மாணவர்க்கு விளக்கியாக வேண்டும். கல்கத்தா லீக் 1898இல் தொடங்கப்பட்டது. அன்று முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதன் பட்டம் வெள்ளையர் படைப்பிரிவுகளுக்கும் வெள்ளையர் மன்றங்களுக்குமே உரியதாயிருந்தது. 1911 ஜூலை 29இல் மோகன் பகான் அணியினர், பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு நின்று, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என வென்று கேடயத்தைக் கைப்பற்றியது நாட்டையே நிமிரச் செய்தது உண்மை. ஆயினும் கேடயம் என்பது சில ஆட்டங்களில் முடிவது. லீக் என்பது மாதக்கணக்கில் நீள்வது. ஒருநாள் வீரம் அதற்குப் போதாது. மழைக்காலம் முழுவதும் சேற்றில் நின்று தாக்குப்பிடிக்க வேண்டும்.

இந்தச் சேறுதான் வெறுங்கால் ஆட்டக்காரரின் முதல் எதிரி. உலர்ந்த தரையில் வெறுங்கால் ஒரு கருவி. விரலாலும் உள்ளங்காலாலும் பந்தைத் தொட்டு உணர்ந்து திருப்பலாம். தடித்த தோற்காலணிக்குள் அந்த உணர்ச்சி இல்லை. தரை நனைந்துவிட்டாலோ வெறுங்கால் வழுக்கும், ஆணி தைத்த காலணி ஊன்றி நிற்கும். கல்கத்தாவில் ஆட்டக் காலமே மழைக்காலம். இதை உணர்ந்த மகமதன் மன்றத்தினர், ஈரமான நாட்களில் காலணி அணிந்து ஆடவும் தம் வீரர்களைப் பழக்கினர். பெங்களூரிலிருந்தும் வடமேற்குப் பகுதியிலிருந்தும் ஆட்டக்காரர்களை வரவழைத்தனர். முதல் பிரிவுக்கு உயர்ந்த முதல் ஆண்டிலேயே, அதாவது 1934இலேயே, லீக் பட்டத்தை வென்ற முதல் இந்திய மன்றமாயினர். தொடர்ந்து 1938 வரை ஐந்து ஆண்டுகள் அப்பட்டத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1936இல் கேடயமும் அவர்களிடமே வந்தது. அந்த வெற்றிகளை நாடெங்கும் முஸ்லிம் மக்கள் தம் வீட்டுக் கொண்டாட்டமாகவே கருதினர். பிற்காலத்தில் அக்கொண்டாட்டத்தில் அரசியல் கசப்பும் கலந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் களத்தில் ஓடியவர்கள் அரசியலுக்காக ஓடவில்லை.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குப் புறப்பட்ட சீனக் கால்பந்தாட்ட அணியினர், வழிச்செலவுக்குப் பணம் திரட்ட வேண்டி, வழியிலுள்ள நாடுகளில் எல்லாம் ஆடிக்கொண்டே சென்றனர். இப்படியும் ஒரு நாட்டணி ஒலிம்பிக்குக்குப் போயிருக்கிறது! அவர்கள் கல்கத்தாவில் ஆடியபோது எதிரணியில் சலீம் இருந்தார். இரண்டாம் ஆட்டத்திற்கும் அவரை எதிர்பார்த்திருந்தனர். ஆளைக் காணவில்லை. இங்கிலாந்தில் வாழ்ந்து வந்த ஹஷீம் என்ற உறவினர் கல்கத்தா வந்திருந்தார். சலீமின் ஆட்டத்தைக் கண்ட அவர், இந்தக் கால்களை ஐரோப்பா பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திக் கப்பலேற்றிவிட்டார். சலீமுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. ஆட்டக்காரர் ஒருவர் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயது.

கெய்ரோ வழியாக இலண்டன், இலண்டனிலிருந்து கிளாஸ்கோ. செல்டிக் அதற்குச் சற்று முன்னர்தான் ஸ்காட்லாந்து லீக் பட்டத்தை வென்றிருந்தது. அத்தகைய மன்றத்தின் வாயிலில் போய் நின்று, இந்தியாவிலிருந்து சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், அவரைச் சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் அவர் காலணி அணிய மாட்டார் என்று ஹஷீம் கேட்டாராம். மேலி சிரித்தாராம். சிரித்தவர் மறுக்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். மேலியே அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. அவர் நடத்திய மன்றமோ வந்தேறிகளின் மன்றம். கதவு திறந்ததற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

சோதனையில் சலீம் தேறினார். ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களின் காலணிகளுக்கு நடுவே வெறுங்கால் நொறுங்கிவிடக் கூடாதே என்று பாதங்களைத் துணிப்பட்டையால் சுற்றிக் கட்டினர். கட்டியவர் ஜிம்மி மெக்மெனமி. இவர் சாதாரண உதவியாளர் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1905 முதல் 1910 வரை தொடர்ந்து ஆறு முறை லீக் பட்டம் வென்ற செல்டிக் அணியின் புகழ்பெற்ற வீரர். நெப்போலியன் என்ற பட்டப்பெயர் உடையவர். அத்தகையவர் குனிந்து, இந்தியர் ஒருவரின் பாதத்தில் துணி சுற்றும் காட்சி ஒரு புகைப்படமாக இன்றும் இருக்கிறது. 1936ஆம் ஆண்டு நம் நாட்டில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் முன் நம்மவர் எவ்வாறு நின்றனர் என்பதை அறிந்த முதியோர் அப்படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சலீம் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். ஹாமில்டன் அணிக்கு எதிராக ஐந்துக்கு ஒன்று; கால்ஸ்டன் அணிக்கு எதிராக ஏழுக்கு ஒன்று. இரண்டிலும் செல்டிக் வென்றது. இவை முதல் அணியின் லீக் ஆட்டங்கள் அல்ல. இரண்டாம் நிலை வீரர்களுக்கான அலையன்ஸ் நிலை ஆட்டங்கள். நம்மவரைப் புகழும் ஆர்வத்தில் சிலர் இதை விட்டுவிடுகின்றனர். விட வேண்டிய தேவையே இல்லை. ஆகஸ்டு 28 வெள்ளிக்கிழமை நடந்த கால்ஸ்டன் ஆட்டத்தின் மறுநாள், ஸ்காட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழ் அவரை இந்தியக் கழைக்கூத்தாடி என்ற பொருளில் தலைப்பிட்டு எழுதியது. பந்தைக் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை உருட்டி, ஒற்றைக் காலில் துள்ளி எதிரியைக் கடந்து, நடுவே நிற்பவருக்குத் தட்டிவிடுவதை வியந்தது. ஏழு கோல்களில் மூன்று அவர் தந்த பந்தால் விழுந்தவை. தண்ட உதை ஒன்றை அவரை அடிக்கச் சொன்னபோது, கூச்சத்தால் மறுத்துவிட்டார் என்றும் அதே செய்தி கூறுகிறது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, பேசுவதெல்லாம் ஹஷீமே.

கூச்சத்தால் மறுத்துவிட்டார் என்ற அந்தச் செய்தியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. எல்லோரும் தம்மையே பார்க்கும் நேரத்தில் தனியே நின்று பந்தை உதைக்க அவருக்கு மனமில்லை. பிறர்க்கு அனுப்புவதே அவர் அறிந்த ஆட்டம்.

சில மாதங்களில் அவருக்கு ஊர் நினைவு மிகுந்துவிட்டது. மன்றத்தினர் இருக்கச் சொல்லிக் கேட்டனர். அவர் பொருட்டு ஓர் ஆட்டம் நடத்தி வருவாயில் நூற்றுக்கு ஐந்து பங்கு தருவதாகவும் கூறினர். சலீம் அத்தொகையை அந்நகரத்து எத்தீம் பிள்ளைகளுக்கே அளித்துவிடுமாறு சொல்லிவிட்டார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சோற்றுக்கில்லாப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட மன்றத்தில் பொருத்தமான செயல். ஆனால் அத்தொகை 1,800 பவுன் என்று பலரும் எழுதி வருகின்றனர். இங்கே கணக்காசிரியரின் துணையை நாட வேண்டியிருக்கிறது. 1,800 பவுன் என்பது ஐந்து பங்காயின் மொத்த வருவாய் 36,000 பவுன். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங் என்று கொண்டால், பவுனுக்கு இருபது ஷில்லிங் வீதம் ஏழு இலட்சத்து இருபதாயிரம் பேர் வந்திருக்க வேண்டும். ஓர் இலட்சம் பேரைக் கூடக் கொள்ளாத திடல் அது. எங்கோ ஒரு சுழியம் கூடிவிட்டது போலும். தொகை சுருங்கினால் ஈகை சுருங்கிவிடாது என்பதால், நாம் அக்கணக்கைத் தயங்காமல் திருத்திக்கொள்ளலாம்.

சலீம் கல்கத்தா திரும்பினார். மீண்டும் மகமதன் அணி, மீண்டும் அதே மைதானம். ஜெர்மனியிலிருந்தும் அழைப்பு வந்தது, அதையும் மறுத்தார் என்பர்.

இக்கதையை நாம் எவரிடம் சொன்னாலும் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு எழும். ஐயோ, இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாரே, வாய்ப்பைக் கைவிட்டுவிட்டாரே என்பார்கள். சலீமைப் பற்றி எழுதியோர் பலரும் அப்படியே முடிக்கின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு ஆட்டங்கள் ஆடிய கிளாஸ்கோவை அவருடைய வாழ்வென்றும், பல்லாண்டுகள் ஆடிய கல்கத்தாவை அதற்கு முன்னுரை பின்னுரை என்றும் கொள்வது என்ன கணக்கு? வெள்ளையர் நாளிதழ் ஒரு நாள் வியந்ததால் கிளாஸ்கோ பெரிதாயிற்று. ஆளும் இனத்தின் அணிகளை ஆண்டுதோறும் சேற்றில் வீழ்த்திய மைதானமோ, நம் கண்முன்னே இருந்ததால் சிறிதாயிற்று. சலீமின் தொழில் கல்கத்தாவில் நடந்தது. கிளாஸ்கோ அவர் போய்வந்த ஒரு பயணம். அவர் அதை அறிந்திருந்தார் என்றே அவருடைய செய்கை காட்டுகிறது. நாம்தாம் இன்னும் அறியவில்லை.

இதை நாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நம் ஊரளவில் ஒரு காரணம் உண்டு. கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன், நல்ல ஆட்டக்காரன். சென்ற ஆண்டு அவனுக்குத் தொலைவிலுள்ள பெருநகரம் ஒன்றிலிருந்து, தங்கிப் பயிலும் கால்பந்தாட்டப் பள்ளிக்கான தேர்வுக்கு அழைப்பு வந்தது. அவன் தாயார் நம்மைத் தேடி வந்தார். "நீங்க சொன்னா அவன் கேப்பான் சார், போக வேணாம்னு சொல்லுங்க" என்றார். பயலோ வாயிலுக்கு வெளியே, நாம் எதிர்மாறாகச் சொல்வோம் என்ற நம்பிக்கையோடு நின்றுகொண்டிருந்தான்.

கோட்டக்குப்பத்துக் குடும்பங்களின் வரலாறு தெரிந்தவர்க்கு அந்தத் தாயின் அச்சம் விளங்கும். பாட்டன்மார் காலத்தில் பிரெஞ்சு ஆட்சித் தொடர்பால் சைகோனுக்குப் போனார்கள். அடுத்து பிரான்சுக்குப் போனார்கள். தந்தைமார் காலத்தில் வளைகுடாவுக்குப் போனார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் வீட்டில் ஒரு நாற்காலி வெறுமையாக இருக்கிறது. இந்த மாணவனின் அத்தாவும் பல ஆண்டுகளாக வளைகுடா நாட்டில்தான் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். மகன் நடக்கத் தொடங்கியதையும் பள்ளிக்குச் சென்றதையும் பந்து உதைத்ததையும் தொலைபேசியில் கேட்டும் பார்த்தும் அறிந்தவர்.

முடிவு சொல்ல வேண்டியவர் நாம் அல்லேம், அவன் அத்தாதான் என்று கூறினோம். அங்கேயே தாயார் கைபேசியில் அழைத்தார். அவர் வேலை முடிந்து அறைக்குத் திரும்பியிருந்த நேரம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "போகட்டும். புடிக்கலைன்னா வந்துரட்டும். ஆனா ஒண்ணு, வந்தான்னா ஏன் வந்தேன்னு ஊர்ல ஒருத்தரும் கேக்கக் கூடாது. அதுக்கு நீங்க பொறுப்பு எடுத்துக்கிட்டா அனுப்புங்க."

தாயார் ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. அவர் தம் மகனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்பது அந்த அறையிலிருந்த மூவருக்கும் விளங்கியது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று அவரே எத்தனை முறை எண்ணியிருப்பார், ஏன் வந்தாய் என்ற அந்த ஒரு கேள்விக்கு அஞ்சி எத்தனை முறை பயணச்சீட்டைத் தள்ளிப் போட்டிருப்பார் என்று எண்ணியபடி நெடுநேரம் அமர்ந்திருந்தோம். நம் ஊர்களில் போவதற்கு வழியனுப்பு உண்டு, மாலை உண்டு. முன்னதாகத் திரும்பி வருபவனுக்குக் கேள்விதான் உண்டு. 1936இல் கப்பலில் வந்திறங்கிய சலீமை அவர் மன்றத்தினர் அப்படிக் கேட்கவில்லை. ஆட இடம் கொடுத்தார்கள்.

மாணவன் தேர்வுக்குச் சென்றான். எடுத்துக்கொள்ளப்பட்டான். இப்போது அங்கேதான் இருக்கிறான். காலணி அணிந்து ஆடப் பழக ஒரு மாதம் ஆயிற்றாம். குதிகால் தோல் உரிந்த படத்தை அனுப்பியிருந்தான். காலணி இன்றி ஆடும் காலம் போய்விட்டது என்பது உண்மைதான். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டணியினர் பெரும்பாலும் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து, இரண்டு தண்ட உதைகளை வீணாக்கி, இரண்டுக்கு ஒன்று என்று தோற்றனர். நம்மவரின் அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்ற பின் காலணி கட்டாயமாக்கப்பட்டது. 1950 உலகக் கோப்பைக்கு நாம் போகாததற்கு வெறுங்காலே காரணம் என்பது மட்டும் வெறுங்கதை. நெடும்பயணமும், ஒலிம்பிக்கையே பெரிதென எண்ணிய நம் நிருவாகிகளின் மனநிலையுமே அதில் பெரும்பங்கு வகித்தன.

இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார் என்போருக்கு, போனவர் ஒருவரின் கதையையும் சொல்லிவிடுகிறோம். பாட்ரிக் ஓ கானல், 1887இல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். கிளாஸ்கோ செல்டிக்கின் பெயரைத் தாங்கிய பெல்ஃபாஸ்ட் செல்டிக்கில் ஆடி, அங்கிருந்து ஷெஃபீல்டு, ஹல், மான்செஸ்டர் யுனைடெட் என்று இங்கிலாந்தின் பெரிய மன்றங்களுக்கு உயர்ந்தார். 1914இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றைப் பின்தள்ளி அயர்லாந்து பட்டம் வென்றபோது அவ்வணியின் தலைவர் அவர். மறு ஆண்டு லிவர்பூலுக்கு எதிரான ஓர் ஆட்டம் பந்தயப் பணத்துக்காக முன்பே பேசி முடிக்கப்பட்டது என்று நிறுவப்பட்டு, ஏழு பேர் வாழ்நாள் தடை பெற்றனர். அந்த ஆட்டத்தில் தண்ட உதையை வெளியே அடித்தவர் ஓ கானல். ஆயினும் தடை பெற்றோரில் அவர் பெயர் இல்லை. பின்னர் மனைவி மக்களை விட்டு ஸ்பெயின் சென்று பயிற்சியாளரானார். 1935இல் பெட்டிஸ் மன்றத்துக்கு அதன் ஒரே லீக் பட்டத்தை வென்று தந்தார். உள்நாட்டுப் போரின்போது பார்சிலோனா மன்றம் பணமின்றி மூடப்படும் நிலையில் இருக்க, 1937இல் அணியை மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் அழைத்துச் சென்று ஆடவைத்து, அம்மன்றம் பிழைக்க வழி செய்தார். அத்தகையவர் 1959இல் இலண்டனில் வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்கு நெடுங்காலம் ஒரு பெயர்க்கல் கூட இல்லை. ஆண்டுகளாலும் பட்டங்களாலும் அளந்தால் சலீமின் கிளாஸ்கோ வாழ்வு ஓ கானலின் வாழ்வுக்கு முன் ஒரு கடுகு. ஓ கானல் திரும்பி வந்த இடத்தில் அவருக்காக எவரும் காத்திருக்கவில்லை.

சலீமுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஒருவர் சென்று பிரித்தானியத் தொழில்முறை மன்றம் ஒன்றில் நிலையாக ஆட அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1999இல் பைச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பெரி மன்றத்தில் சேர்ந்தார். அப்போதுதான் நம் நாளிதழ்களில் பலவும் சலீம் என்று ஒருவர் இருந்தாரே என்று நினைவுகூர்ந்தன.

அதற்குள் அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. சலீம் 1980இல் காலமானார். அவர் நோயுற்றிருந்த இறுதிக் காலத்தில், மகன் ரஷீத் செல்டிக் மன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். தந்தை நோயுற்றிருக்கிறார், மருத்துவத்திற்குப் பணம் வேண்டும் என்பது கடிதத்தின் செய்தி. உண்மையில் பணம் பெறும் எண்ணமே தமக்கு இல்லை என்றும், இத்தனை ஆண்டுகளுக்குப் பின் தம் தந்தையை அங்கே எவரேனும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறியவே அவ்வாறு எழுதியதாகவும் அவரே பின்னர் கூறியிருக்கிறார். வில்லி மேலி எப்போதோ இறந்துபோயிருந்தார். துணி சுற்றிய மெக்மெனமியும் இல்லை. அந்த இரண்டு ஆட்டங்களைக் கண்டோருள் எத்தனை பேர் எஞ்சியிருந்தனரோ.

கிளாஸ்கோவிலிருந்து மறுமொழி வந்தது. உறைக்குள் நூறு பவுனுக்கு ஒரு வங்கி வரைவோலை இருந்தது. ரஷீத் அதை வங்கிக்குக் கொண்டுசெல்லவில்லை. இறக்கும்வரை வைத்திருப்பேன் என்று சொல்லித் தம்மிடமே வைத்துக்கொண்டார்.